மூன்றாவது ஆள் வரும் வரை: யட்டியாந்தோட்டையில் வண்டி யாருக்காக ஓடியது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தை ஒதுக்கி வாசியுங்கள். நம்ம ஊர் வரலாறுதான். கடைசியில் உங்களிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது.

போன மாதம் ஒரு மழை நாள். முதலாம் பாடம் பாதி முடிந்த பிறகு ஒரு பிள்ளை வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பதினோராம் தரம், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவள். வெள்ளைச் சட்டையில் முழங்கால் வரை சேறு. அந்த வாரத்தில் அவள் பிந்தி வந்தது அது மூன்றாவது முறை.

"ஏன் மகள், என்ன நடந்த?"

"மூணாவது ஆள் வரல்ல டீச்சர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னாள். அவர்களுடைய மேல் டிவிசன் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க ஒரு த்ரீவீல்தான் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்தால் கூலியை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். அன்றைக்கு அவளும் பக்கத்து லயத்து அக்காவும் மட்டுமே. அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை. கையில் இருந்த காசு அரைப் பங்குக்குக் காணாது. இரண்டு பேரும் நடந்தே இறங்கியிருக்கிறார்கள். கீழே வந்து சேரும்போது பஸ் போய்விட்டது.

பிந்தி வருவோர் புத்தகத்தில் அவள் பெயரை எழுதப் பேனையை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. தவறு அவளுடையது இல்லையே. அப்படியானால் யாருடைய தவறு? அந்தத் த்ரீவீல்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் பெற்றோலை இலவசமாக அடிப்பதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த யோசனையிலேயே இரண்டு மூன்று வாரமாக ஊர்க் கதையைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அதில் விளங்கியதைத்தான் எழுதுகிறேன்.

பொதுப் போக்குவரத்து இரண்டு விதமாக ஓடும். ஒன்று, நேரசூசிப்படி ஓடுவது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6.15 பஸ் 6.15க்குப் புறப்பட வேண்டும். மற்றது, ஆள் கேட்டால் ஓடுவது. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று பார்த்து வண்டி புறப்படும். உலகத்தில் இன்றைக்கு இதைத் தேவைக்கேற்ற போக்குவரத்து என்று பெரிய பாடமாகப் படிப்பிக்கிறார்கள். போன் செயலி, கணினி என்று பல வசதி வந்துவிட்டது. ஆனால் இந்த இரண்டாவது விதம் நம் ஊருக்குப் புதிதில்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் முந்தி இங்கே ஓடியது அதுதான்.

கண்டி இராச்சிய காலத்தில் மலைநாட்டுக்குச் சரக்கு ஏற்றிய பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். அதில் நம் முஸ்லிம் மக்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அரசனுடைய நிர்வாகத்திலேயே மடிகே பத்த என்று போக்குவரத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. மாட்டோடு வேலை செய்த சோனகர் பலர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே போகும். மேலிருந்து பாக்கும் மிளகும் கீழே வரும். வெறும் முதுகோடு ஒரு மாடு மலை ஏறி இறங்கினால் வியாபாரிக்கு நட்டம். ஆகவே பொதி சேர வேண்டும், கூட்டமும் சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் பயணம். "மூணாவது ஆள் வரல்ல" என்று அந்தப் பிள்ளை சொன்னது நம் மூத்தோரின் பழைய கணக்குத்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அன்றைக்குக் காத்திருந்தது பொதி. இன்றைக்குக் காத்திருப்பது பிள்ளை.

பிறகு தோட்டங்கள் வந்தன. தேயிலையும் அதன் பின்னால் இறப்பரும் களனிப் பள்ளத்தாக்கின் மலைகளை மூடின. மாட்டு வண்டியும் களனி கங்கை வள்ளமும் தேயிலைப் பெட்டிகளுக்குப் போதவில்லை. தோட்டத் துரைமார் ரயில் கேட்டார்கள். கிடைத்தது. 1902இல் கொழும்பிலிருந்து அவிசாவளை வரைக்கும், 1903இல் தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக நம் யட்டியாந்தோட்டை வரைக்கும் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை வந்தது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். நாட்டின் மற்றப் பிரதான பாதைகள் ஐந்தரை அடி. குறைந்த செலவில் வளைந்து வளைந்து போக வேண்டும் என்பதற்காகப் போட்ட சின்னப் பாதை. இன்றைய பிள்ளைகளிடம் "நம்ம ஊருக்கு ரயில் வந்தது" என்றால் சிரிக்கிறார்கள். உண்மைதான் பிள்ளைகளே. யட்டியாந்தோட்டை ஒரு காலத்தில் ரயில் பாதையின் கடைசி நிலையம்.

அந்த ரயில் யார் கேட்டு வந்தது என்பதைப் பாருங்கள். கொழுந்து பறித்தவர் கேட்டு வரவில்லை. பால் வெட்டியவர் கேட்டும் வரவில்லை. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக வந்தது. அரிசி மேலே வர வேண்டும், அதற்காகவும் வந்தது. சனங்களும் ஏறினார்கள், பலன் பெற்றார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதை எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானித்தது சரக்கு. நிலையத்திலிருந்து லயத்துக்குக் கால்நடைதான்.

மோட்டார் பஸ் நாட்டுக்குள் வந்தது 1907 அளவில். தனியார் முதலாளிமார் ஓட்டினார்கள். ஆரம்பத்தில் பெரிய சட்டதிட்டம் இல்லை. எங்கே ஆள் நிற்கிறதோ அங்கே பஸ். ஒரே ரோட்டில் இரண்டு முதலாளியின் பஸ் ஓடினால் ஆள் பிடிக்கப் போட்டி. ஆள் இல்லாத ரோட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார். ஆள் கேட்டால் ஓடும் முறையின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே இதில் இருக்கிறது. கேட்க ஆள் நிறைய இருந்தால் வண்டி ஓடி வரும். கேட்பவர் ஏழையாக, தூரத்தில், கொஞ்சப் பேராக இருந்தால் அவர் குரல் முதலாளியின் காதுக்கு எட்டாது.

இதே காலத்தில் நம் பள்ளத்தாக்கில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1934, 35இல் பெரிய மலேரியாக் கொள்ளை நோய் வந்தது. கேகாலை மாவட்டம் மோசமாக அடிபட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்களில் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா பருப்புப் பகிர்ந்ததால் சனங்கள் அவரை "பருப்பு மாத்தயா" என்றே கூப்பிட்டார்கள். 1936இல் ருவான்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் அவர்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று இருக்காமல் நோயாளியைத் தேடிப் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. தேவைக்கேற்ற சேவை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

1942 நம் ஊருக்கு ஒரு முக்கியமான வருடம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடையிலான ரயில் மூடப்பட்டது. தண்டவாளத்தையும் போர்த் தேவைக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிந்தது, தண்டவாளம் திரும்பி வரவில்லை. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிப் பக்கம் போன பாதையும் 1970களில் மூடப்பட்டது. இன்றைக்கு களனிப் பள்ளத்தாக்கு ரயில் அவிசாவளையோடு முடிகிறது.

அதே 1942இல்தான் பஸ் சேவை உரிமக் கட்டளைச்சட்டமும் வந்தது. ஒரு பாதையை ஒரு கம்பனிக்கு என்று ஒதுக்கிக் கொடுத்து ரோட்டுப் போட்டியை நிறுத்தினார்கள். போட்டி நின்றது. ஆனால் பாதை ஒருவரின் கைக்குப் போனதும், லாபம் இல்லாத இடத்துக்கு ஓட அவருக்கு என்ன அவசரம்? ரயிலும் இல்லை, கேட்டால் வரும் பஸ்ஸும் இல்லை என்ற நிலை நம் பக்கத்துக்கு வந்தது.

அடுத்தது 1948. சுதந்திரம் வந்த அதே வருடம் குடியுரிமைச் சட்டமும் வந்தது. மலையகத் தமிழ் மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்து வாக்கும் போனது. இடதுசாரிகளோடு சேர்ந்து என். எம். பெரேராவும் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். சட்டம் நின்றது. இதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரிய சம்பந்தம் இருக்கிறது. நம் நாட்டில் ஒரு கிராமத்துக்கு பஸ் எப்படி வரும்? ஊர்ச் சனம் மனு எழுதும், எம்.பி.யிடம் போகும், எம்.பி. அமைச்சரிடம் பேசுவார். வாக்கு இல்லாத லயத்திலிருந்து மனு போனால் அதைத் திறந்து பார்க்க யாருக்கு அவசரம்? ரோட்டுக்கு இந்தப் பக்கக் கிராமத்துக்கு பஸ் போகும்போது அந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போகாததற்கு மலை மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் குடியுரிமைக் கணக்கை முழுதாக முடிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் கம்பனிகள் எல்லாம் தேசியமயமாயின. இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. நம் வாப்பாமார் இன்றைக்கும் "சீ.ரி.பி." என்றுதான் சொல்வார்கள். அதன் நோக்கம் பெரியது. லாபமுள்ள பாதையின் காசை எடுத்து லாபமில்லாத பாதையை ஓட்டுவது. கொழும்பு பஸ்ஸில் ஏறுபவர் கொடுத்த சில்லறையில் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போவாள். 1970 முதல் 1975 வரை லெஸ்லி குணவர்தன போக்குவரத்து அமைச்சர், அனில் முனசிங்க சபைத் தலைவர். இருவரும் நம் தொகுதி எம்.பி.யின் சமசமாஜக் கட்சிக்காரர்கள். கிராமத்துக்கு பஸ், மாணவருக்குச் சலுகை சீசன் டிக்கட் என்பவை சாதாரண சனத்தின் உரிமை என்ற எண்ணம் ஊறியது இந்தக் காலப் பகுதியில்தான்.

ஆனால் சீ.ரி.பி. பஸ்ஸும் தோட்டத்து கேற்றோடு நின்றது. ஏன்? தோட்டத்து ரோட்டு பொது ரோட்டு இல்லை. அது தோட்டத்தின் சொத்து. துரைமார் காலத்தில் அப்படி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தோட்டங்கள் அரசுக்கு வந்தபோதும் அப்படி. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும் அப்படி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணம் போவதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதாவது முப்பது வருடமாக, வாக்குக் கேட்க லயத்துக்கு வந்த சபை உறுப்பினர், அதே லயத்து ரோட்டில் ஒரு குழியை மூட நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. குழி உள்ள ரோட்டுக்கு பஸ் வராது. பஸ் வராத ரோட்டைத் திருத்த யாருக்கும் அவசரம் இல்லை. இந்தச் சக்கரத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் தோட்டத்துக்குள் வண்டி இல்லாமல் இல்லை. கொழுந்து லொறி ஒரு நாள் பிந்தினால் கொழுந்து வாடிவிடும். அதனால் மடுவத்துக்கு நேரத்துக்கு வரும். பால் பவுசர் வரும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் நேரம் பிந்தாது. தேவைக்கேற்ற போக்குவரத்து தோட்டத்தில் நூறு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் தேவை என்று எண்ணப்பட்டது கொழுந்தும் பாலும். பிரசவ வலி வந்த தாய் பல காலம் அந்தக் கொழுந்து லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

1979இல் தனியார் பஸ்ஸுக்கு மீண்டும் கதவு திறந்தது. 1987இல் மாகாண சபை வந்ததும், மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸின் பெர்மிட் மாகாணத்தின் பொறுப்பானது. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுவது 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு. ஆகவே அவிசாவளை, ஹட்டன் ஏ7 பெரிய ரோட்டில் நமக்கு பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஹட்டன் பக்கம் போகிறவையும் கொழும்பு பக்கம் போகிறவையும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. குறை ரோட்டில் இல்லை. ரோட்டுக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள அந்த மூன்று, நான்கு, ஐந்து மைலில்தான் குறை.

அந்த இடைவெளியை நிரப்பியது த்ரீவீல். 1980களிலிருந்து பெருகி, பஸ் ஏறாத மேட்டுக்கெல்லாம் ஏறியது. அதை ஓட்டும் தம்பிமாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். எந்த அமைச்சும் திட்டமிடாத தேவைக்கேற்ற சேவை அது. ஆனால் அது எவ்வளவு நொய்ந்தது என்பதை 2022 காட்டியது. பெற்றோல் இல்லை. ஜூன் கடைசியில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை 25இல் திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாள்தான். கியூ.ஆர். முறை தொடங்கியபோது ஒரு த்ரீவீலுக்கு வாரம் 5 லீற்றர். அந்த 5 லீற்றரில் ஒரு மலை டிவிசனுக்கு எத்தனை தடவை ஏறி இறங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் வராமல் போன பிள்ளைகளில் சிலர் பிறகும் வரவில்லை. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தன் வகுப்பில் அப்படி ஒரு வெறும் கதிரை ஞாபகம் இருக்கும்.

சரி, வெளி உலகம் இந்த இடைவெளிக்கு என்ன செய்தது?

1967இல் வேல்ஸ் மலைப் பகுதியில் தபால் வேனில் பயணிகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். தபாலுக்காக அந்த வேன் எப்படியும் போகத்தான் வேண்டும். மிச்ச இடத்தில் ஆளை ஏற்றினால் என்ன என்பதுதான் யோசனை. 1972இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஹடன்ஃபீல்ட் ஊரில், போன் பண்ணினால் வீட்டு வாசலுக்கு வரும் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். 1977இல் நெதர்லாந்தில் ஊர் பஸ் ஒன்று தொடங்கியது. ஊரவர்களே முறை வைத்துத் தொண்டாக ஓட்டுவார்கள். வண்டியும் செலவும் பொது நிதியிலிருந்து வரும். அது இன்றைக்கும் ஓடுகிறது. 1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. ஏற்கெனவே பஸ் ஓடும் பெரிய ரோட்டில் கொஞ்சத் தூரம்தான் ஓடலாம், மிச்சப் பெரும்பகுதி பஸ் இல்லாத கிராம ரோட்டாக இருக்க வேண்டும் என்று பெர்மிட்டிலேயே நிபந்தனை வைத்தார்கள்.

தோற்றுப்போனதும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சின்கி நகரம் 2012இல் குட்சுபிளஸ் என்று, போன் மூலம் கூப்பிட்டால் வரும் சின்ன பஸ் சேவை தொடங்கியது. சனங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வண்டிகள் பதினைந்து அளவுதான். ஒவ்வொரு பயணத்துக்கும் நகரம் பெரிய தொகை போட வேண்டியிருந்தது. 2015 முடிவில் நிறுத்திவிட்டார்கள். பணக்கார நாட்டுக்கே அப்படி.

இவற்றை எல்லாம் வாசித்தபோது ஒன்று தெளிவானது. இந்தச் சேவை நிலைப்பதும் விழுவதும் செயலியாலோ கணினியாலோ இல்லை. வெறும் சீட்டுக்கு யார் காசு கொடுப்பது என்ற ஒரே கேள்வியால்தான். மூன்றாவது ஆள் வராத அன்றைக்கு அவருடைய பங்கை யார் போடுவது? தவளக்காரர் அதைக் காத்திருந்து சமாளித்தார். சீ.ரி.பி. அதைக் கொழும்புப் பாதையின் லாபத்தால் சமாளித்தது. நம் மாணவி அதைத் தன் காலால் சமாளிக்கிறாள்.

நம் அரசுக்கும் இந்த விஷயம் தெரியாமல் இல்லை. லாபமில்லாத கிராமப் பாதைக்கு அரசு மானியம் கொடுத்து பஸ் ஓடச் செய்யும் கெமி செரிய இருக்கிறது. 2005இல் தொடங்கிய மாணவர் பஸ் சேவையான சிசு செரிய இருக்கிறது. இரண்டும் வெறும் சீட்டுக்குப் பொதுப் பணத்தால் ஈடு கொடுக்கும் திட்டங்கள். அவற்றைத் தோட்டத்து ரோட்டுக்கும் கேட்க 2018இன் பின் நமக்கு முன்பைவிட வலுவான நியாயம் இருக்கிறது. ரோட்டைத் திருத்த சபைக்கு வழி திறந்துவிட்டது. ஆகவே "ரோட்டு சரியில்லை, பஸ் வராது" என்பது முடிந்த பதிலாக இருக்க முடியாது.

இன்னொன்று, 1990. சுவசெரிய அம்பியூலன்ஸ். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி பிறகு நாடு முழுவதும் வந்தது. கூப்பிட்டால் வரும், காசு இல்லை. கூப்பிடாத நேரத்தில் அந்த வண்டி சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்கும் நேரத்துக்கும் நாடு சம்பளம் கொடுக்கிறது. அது வீண் செலவு என்று யாராவது சொல்கிறோமா?

இப்போது நம் ஊருக்கே வருகிறேன்.

நம் மஹல்லாவில் ஒருவர் மௌத்தானால் ஜனாஸா வாகனத்துக்கு யாராவது மூன்றாவது ஆளைத் தேடுகிறோமா? இல்லை. வருடம் முழுவதும் சந்தா கொடுக்கிறோம். வண்டி தேவைப்படும் வீட்டுக்கு ஒரு போனில் வரும். அந்த வீடு சந்தா கட்டியதா என்று கூட அந்த நேரத்தில் கேட்பதில்லை. லயத்திலும் கிராமத்திலும் மரணாதார சங்கம் இதையே செய்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் படித்து வைத்திருக்கும் பாடம் இது. வெறும் சீட்டின் செலவை ஊரோடு பகிர்ந்துகொள்ள நமக்குத் தெரியும். மௌத்துக்குச் செய்கிறோம். பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குச் செய்யவில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தொகை உதாரணத்துக்குத்தான். ஒரு இறக்கத்துக்குக் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 200. ஒருத்தர் குறைந்தால் 200 ரூபாய் துண்டு விழும். மாதத்தில் 20 பாடசாலை நாள், அதில் 8 நாள் மூன்றாவது ஆள் வரவில்லை என்றால் துண்டு விழுவது 1,600 ரூபாய். ஒரு டிவிசனில் இரண்டு பிள்ளைகள் வருடம் முழுவதும் பிந்துவதற்கும், ஒரு பிள்ளை படிப்பை விடுவதற்கும் காரணமாக இருப்பது இவ்வளவுதான். ஒரு வீட்டால் இதைத் தாங்க முடியாது. நாற்பது வீட்டால் முடியும்: வீட்டுக்கு மாதம் 40 ரூபாய்.

இதற்குச் செயலி தேவையில்லை. தேவையானவை நான்கு. முந்தைய நாள் இரவு ஏழு மணிக்குள் நாளைக்கு யார் போகிறார்கள் என்று சொல்ல ஒரு வட்ஸ்அப் குழு. போன் இல்லாத வீட்டுக்காக லயத்தில் ஒருவரிடம் ஒரு கொப்பி. ஊரவர் முகம் தெரிந்த, பெற்றோர் ஒப்புக்கொண்ட சாரதிமாரின் பெயர்ப்பட்டியல், அதில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கண்டிப்பு. பெரிய ரோட்டு பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முந்தி கீழே வந்து சேரும் நேரக் கணக்கு. பஸ்ஸைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். ஆகவே மேலே உள்ள நேரம் கீழே உள்ள பஸ்ஸைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

இந்தக் கொப்பி இன்னொரு நாளைக்கும் உதவும். 2016 மே 17ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கிய நாள். நம் மலைகளும் அதே மலைகள்தான். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில், எந்த லயத்தில் நடக்க முடியாத வயோதிபர் யார், கர்ப்பிணித் தாய் யார், பக்கத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது என்று எழுதி வைத்த கொப்பி இருந்தால் அது உயிரைக் காக்கும்.

அரசு செய்ய வேண்டியதை நாம் செய்துவிட்டால் அரசு தப்பிவிடாதா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஆறு மாதம் அந்தக் கொப்பியை ஒழுங்காக எழுதினால், எந்த டிவிசனில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்பது நம் கையில் இருக்கும். "எங்களுக்கு பஸ் வேண்டும்" என்று போகும் மனு அலுமாரிக்குள் போகும். "திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.15க்கு இத்தனை பிள்ளைகள், இத்தனை தொழிலாளர், இதோ ஆறு மாதக் கணக்கு" என்று பிரதேச சபைக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் போகும் மனுவை அப்படி ஒதுக்க முடியாது. நூறு வருடமாகக் கொழுந்தின் எடைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளின் பயணத்துக்கு ஒரு நாள் கணக்கும் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு வண்டி வராது. தவளம் தொடங்கி கியூ.ஆர். வரைக்கும் வரலாறு சொல்வது அதைத்தான்.

கடைசிக் கேள்வி இதுதான். பள்ளிவாசல் நிர்வாகத்தில், கோயில் சபையில், விகாரை தாயக சபையில், மரணாதார சங்கத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, த்ரீவீல் ஓட்டும் தம்பிமாரே: ஒரே ஒரு டிவிசனில், ஒரே ஒரு தவணைக்கு, இதைச் செய்து பார்ப்போமா? கொப்பியை நான் வாங்கித் தருகிறேன். முதல் மாதத்து மூன்றாவது ஆளின் பங்கில் ஒரு பகுதியும் என்னுடையது, இன்ஷா அல்லாஹ். உங்கள் டிவிசனில் காலையில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இந்தப் பதிவை எழுதி முடிக்கும்போது வெளியே மழை. நாளைக்குக் காலையும் மழைதான் போல. அந்தப் பிள்ளை நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.